முந்தின ஆளின் வெந்நீர்

“சூடுங்கிறது ஒரே ஆளுக்குன்னு வர்றதில்லடா, அது வந்து…” என்று பெரியப்பா குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று தொடங்குவார் என்பது வரைக்கும் சௌந்தரபாண்டியனுக்கு நினைவிருந்தது. அது வந்து என்ன செய்யும் என்பது மட்டும் மறந்துபோயிருந்தது. உள்ளே நெடுநேரம் குளிக்கிறவர்களை விரட்டுவதற்காகச் சொன்ன பேச்சு அது, தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாக நின்று சொன்ன பேச்சு, சொம்புச் சத்தத்தில் அதன் பின்பாதி எப்போதும் தண்ணீரோடு போய்விடும். பெரியப்பா போய், அப்பா போய், போன வருஷம் அம்மாவும் போய், இங்கிலாந்தில் லீட்ஸ் என்கிற ஊரில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு சௌந்தரபாண்டியன் வீடு திரும்பிய மாதத்தில், அந்த வீட்டின் பழைய விறகு பாய்லர் அடியில் ஓட்டை விழுந்து, தன் நெருப்பைத் தன் தண்ணீராலேயே அணைத்துக்கொண்டது.

ஊர் மூங்கில்பள்ளம். வத்தலக்குண்டிலிருந்து மலையேறுகிற பஸ்கள் இன்ஜின் ஆறுவதற்காக நிற்கிற இடம். பஸ் ஆறும், ஊரின் அடுப்பு ஆறாது என்று சொல்லிக்கொள்ளலாம், ஏனென்றால் ஐப்பசி பிறந்தால் பனிமஞ்சு இறங்கி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும், தை முடிகிற வரைக்கும் வெந்நீர் இல்லாமல் ஒருவரும் முகம்கூடக் கழுவ முடியாது. வீட்டில் அக்கா பூங்கோதை இருந்தாள். தம்பி தெய்வேந்திரன் இருந்தான், கடைவீதியில் உரக்கடை வைத்திருந்தான். அவன் மனைவி ஜெயக்கொடியும் பள்ளிக்கூடம் போகிற மகனும் இருந்தார்கள். இப்போது சௌந்தரபாண்டியன் குடும்பமும் சேர்ந்தது. அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது, கல்யாணம் நடக்கவில்லை, சத்துணவு அமைப்பாளர் வேலையை அம்மா படுத்த படுக்கையானபோது விட்டிருந்தாள். அம்மா போன பிறகு அக்காவைத் தனியாக விடக் கூடாது என்றுதான் சௌந்தரபாண்டியன் வந்தான், தெய்வேந்திரனும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மேலே ஏறி வந்தான். “அக்காளுக்காக சீமையவே விட்டுட்டு வந்துட்டான் பாரு” என்று ஊர் சொன்னது. அவன் மனைவி நிர்மலா மட்டும் லீட்ஸிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: “உங்க ஊருக்காக நான் வரல. அண்ணி இருக்காங்க, அதனால வர்றேன். அவங்க இல்லாத வீடுன்னா என்னால முடியாது, இப்பவே சொல்லிட்டேன்.”

குளிர் தேசத்தில் இருந்து வந்தவனுக்குத்தான் வெந்நீர் விஷயம் தெரியும் என்று புது பாய்லர் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவன் தலையில் கட்டினார்கள். ஆனால் ஒரு குடும்பத்துக்கு வெந்நீர் ஏற்பாடு செய்வதென்பது ஒரு குடும்பத்துக்குப் பெண் பார்ப்பது மாதிரி, ஆளுக்கொரு அபிப்பிராயம் வாசல்படி ஏறி வரும். சோலார் வைக்கலாம் என்று தபால்காரர் சொன்னார், மஞ்சு மூடின மலையில் சூரியனை எங்கே போய்த் தேடுவது என்று ஜெயக்கொடி கேட்டாள். பாத்ரூமுக்கு ஒன்றாகக் கரண்ட் கீசர் மாட்டிவிட்டால் ஒருவருக்கு ஒருவர் காத்திருக்க வேண்டாம் என்று தெய்வேந்திரன் சொன்னான், மழை தூறினாலே போய்விடுகிற கரண்டை நம்பி எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காருவாயா என்று அவனை எல்லோரும் கேட்டார்கள். காபிச் செடி கவாத்துப் பண்ணிய குச்சி மலைபோலக் கிடக்கும்போது விறகு பாய்லர்தான் லாபம், கொல்லையில் பாய்லரும் பரண்மேல் பெரிய டேங்கும் வைத்துக் குழாய் இழுத்துவிட்டால் மூன்று குளியலறைக்கும் போகும் என்றார் வத்தலக்குண்டு காஜா மைதீன், லாட்ஜுகளுக்கு பாய்லர் போடுகிறவர், எதையும் பாதிச் சிரிப்போடு சொல்கிறவர்.

“லாட்ஜுல கழட்டின டேங்கு ஒண்ணு கெடக்கு சார், நல்ல செம்பு. பரண்ல ஏத்தி வுடுறேன், கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்க. புடிச்சா உங்க வீட்டு அளவுக்குப் புதுசா செஞ்சு தர்றேன். புடிக்கலயா, ஆளுக்கொரு கீசர மாட்டிக்கிட்டுத் தனித்தனியாக் குளிங்க.”

டேங்க் பரணேறியது, பழைய பாய்லரின் ஓட்டையும் தற்காலிகமாக அடைபட்டது. மறுநாள் காலையில் பூங்கோதை பாய்லரை மூட்டினாள், மூட்டினவள் என்பதால் வழக்கம்போல முதலில் குளித்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். இரண்டாவதாக சௌந்தரபாண்டியன் குளித்தான். முதல் சொம்பு தலையில் விழுந்தபோதே அவனுக்கு உள்ளங்கால் குறுகுறுத்தது, ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கிவிட வேண்டும் என்பதுபோல ஒரு பரபரப்பு, எங்கே இறங்க வேண்டும் என்று தெரியாத பரபரப்பு. ஈரத் தலையோடு செருப்பை மாட்டிக்கொண்டு முனியாண்டி கோயில் வளைவு வரைக்கும் போனான், நின்றான், திரும்பினான், மறுபடி போனான். வந்து இன்னும் பெட்டிகூட முழுசாகப் பிரிக்கவில்லை, அதற்குள் போகத் தோன்றுகிறதே என்று தன்மேல் அவனுக்கே வெட்கம் வந்தது.

அவனுக்குப் பிறகு மற்றவர்கள் குளித்தார்கள். தெய்வேந்திரனுக்கு அடுத்துக் குளித்த ஜெயக்கொடி வலது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, பல் வலி உயிர் போகிறதென்று பஸ் ஏறி வத்தலக்குண்டு பல் டாக்டரிடம் போனாள். டாக்டர் எல்லாப் பல்லையும் தட்டிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு நல்ல பல்லை நான் பாத்ததே இல்லம்மா” என்றார். மலை ஏறித் திரும்பி வரும்போது கடையில் புருஷன் இடது பக்கமாக மட்டும் வடையை மென்றுகொண்டிருப்பதைப் பார்த்தாள்.

“எத்தன நாளா?” என்றாள்.

“எது?”

“வாயத் தொற.”

“கடையில கூட்டம் நிக்கிதுடி.”

“நிக்கட்டும். உம் பல்வலிய நான் சொமந்துக்கிட்டு மலை எறங்கி ஏறிட்டு வர்றேன், நீ இங்க வடை திங்கிறியா? தொற வாய!”

வாயைத் திறந்தான். உரம் வாங்க வந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், சொத்தைப் பல் வலது பக்கம்தான் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது: அந்த டேங்கிலிருந்து ஒருவர் குளித்தால், அவர் உடம்பிலும் மனசிலும் இருப்பது அடுத்துக் குளிக்கிறவர்மேல் வந்து விழும், அன்றைய பொழுது வரைக்கும் நிற்கும். எதனால் என்று கேட்டவர்கள் குறைவு. காஜா மைதீனிடம் கேட்டபோது லாட்ஜில் அது அப்படியெல்லாம் செய்ததில்லை என்றார். பிறகு யோசித்து, லாட்ஜில் யாருக்கு அடுத்து யார் குளித்தார் என்று யார் கண்டது என்றும் சொன்னார். அத்தோடு அந்தக் கேள்வி முடிந்தது. அடுத்த கேள்வி, நாமும் வந்து குளிக்கலாமா என்பது.

குழாய் உடைந்துபோன டீக்கடை சேதுராமன்தான் வெளியாட்களில் முதல் ஆள். நிர்மலாவுக்கு அடுத்து அவர் குளித்தார். தலை துவட்டாமல் கடைக்குப் போய் பாய்லர் முன்னால் நின்றவர், “சொல்ல நெறைய இருக்கு, கேக்கத்தான் ஆளில்ல” என்று சம்பந்தமில்லாமல் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவருக்குத்தான் நாள் முழுக்கக் கேட்க ஆள் உண்டே என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். மறுநாள் மத்தியானம் அவர் மனைவி ஒரு தூக்கில் சுக்குக் காபியோடு வந்து நிர்மலாவின் பக்கத்தில் உட்கார்ந்து, “ம், ஆரம்பி தாயி, எங்கிருந்து வேணாலும் ஆரம்பி” என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டின் மத்தியானங்களில் பேச்சுச் சத்தம் கேட்டது.

பிறகு தெருவே வந்தது. பூங்கோதை முறை வகுத்தாள்: முதலில் வீட்டார், பிறகு தெரு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்த ஆண்களுக்கு, வெள்ளிக்கிழமை பெண்களுக்கு, ஒவ்வொருவரும் ஒரு கை விறகோடு வர வேண்டும், வெளியே வந்தபின் முந்தின ஆளைப் பற்றி அவரிடமே பேசலாம், வேறு யாரிடமும் பேசக் கூடாது. போஸ்டாபீஸ் அம்மாவின் கைக்குழந்தையைக் குளிப்பாட்டியதற்கு அடுத்த முறைக்குத்தான் அடிதடி நடந்தது. அந்த முறையில் குளித்தவர்கள் பல்லில்லாத சிரிப்போடு வெளியே வந்து, தங்கள் கால் விரல்களைத் தாங்களே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் அந்த முறைக்குக் காலையிலேயே துண்டைப் போட்டு இடம் பிடித்ததைப் பார்த்து, “பெரியவரே, பஸ்ஸுல சீட்டுப் புடிக்கிற மாதிரி புடிக்கிறீக” என்று ஜெயக்கொடி கேட்டாள். “உனக்கென்னம்மா, எனக்குத் தூக்கம் வந்து எத்தன வருஷமாச்சு தெரியுமா” என்றார் அவர்.

வேலித் தகராறில் பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்த காபித் தோட்டத்து அண்ணன் தம்பி இருவரைப் பங்காளிகள் இழுத்து வந்து ஒருவருக்கு அடுத்து ஒருவரை, பிறகு முறை மாற்றி மறுபடியும் குளிக்க வைத்தார்கள். இருவரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். காலையில் அண்ணன் வேலியைத் தன் பக்கம் தள்ளி நட்டான், மத்தியானம் தம்பி அதைப் பிடுங்கித் தன் பக்கம் தள்ளி நட்டான், அண்ணன் மறுபடி வந்தான்; இன்றைக்கும் அந்த வேலி பாம்பு ஊர்ந்த தடம் மாதிரிதான் போகிறது, அளக்க வந்த சர்வேயர் தலையைச் சொறிந்துவிட்டுப் போய்விட்டார். பேசக் கூடாது என்ற விதிக்கு விலக்காக, நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைக் குளிக்க வைத்து, பெண்ணின் அத்தையை அடுத்து அனுப்பும் வழக்கம் உண்டாயிற்று. முதன்முதலாக அப்படிக் குளித்து வந்த அத்தை, “ஒரு கள்ளமும் இல்லப்பா. பசி, பசி, அது ஒண்ணுதான் இருக்கு” என்றாள், அந்தக் கல்யாணம் அன்றைக்கே முடிவானது, மாப்பிள்ளைக்கு முதலில் சோறு போட்டார்கள். வார்டு கவுன்சிலர் வந்து டேங்குக்கு மாலை போட்டு போட்டோ எடுத்துக்கொண்டார். அவரைக் குளிக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. அவருக்கு அடுத்த முறைக்கு யாரும் துண்டு போடவில்லை.

இப்படி எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று, ஒன்றைத் தவிர. குளித்த ஒருவராலும் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. பல்வலி ஒருவரோடு நின்றது, துக்கம் ஒருவரோடு நின்றது, ஆனால் அந்தக் குறுகுறுப்பு மட்டும் ஒருவர் காலிலிருந்து இன்னொருவர் காலுக்கு இறங்கி, நீர்த்து நீர்த்துப் போனாலும் தீராமல் தெருக்கோடி வரைக்கும் போனது. சேதுராமன் கடையில் பெஞ்சு காலியாகக் கிடக்க ஆட்கள் நடந்துகொண்டே டீ குடித்தார்கள், தம்ளர்கள் மறுநாள் வேறு தெருக்களில் கிடைத்தன. கூட்டுறவுச் சங்கத் திண்டில் சீட்டாடுகிறவர்கள் நின்றபடி ஆடினார்கள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் பிள்ளைகளை வரிசையாக நடக்க வைத்தே ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுத்தார். பூட்டிய கடையைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி பூட்டினார்கள், கட்டிய மாட்டை அவிழ்த்துக் கொஞ்ச தூரம் கூட்டிப் போய்க் கொண்டுவந்து கட்டினார்கள், ஒன்றும் வாங்க வேண்டியதில்லாதவர்கள் வத்தலக்குண்டு வரைக்கும் பஸ்ஸில் போய் ஒன்றும் வாங்காமல் திரும்பினார்கள். “மூங்கில்பள்ளத்துக்காரங்களுக்கு என்னா ஆச்சு? சன்னல் சீட்டுக்குச் சண்ட போடுறாங்க, எங்க போறீங்கன்னு கேட்டா முழிக்கிறாங்க” என்று கண்டக்டர்கள் பேசிக்கொண்டார்கள்.

இது யாருடையது என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. வெளிநாட்டுக் கால் தரிக்காது, அவன் குளித்த தண்ணீர்தான் நம் எல்லோர் மேலும் விழுகிறது என்றார்கள். எதிரே பார்த்தால் கேட்டார்கள்: “என்னப்பே, டிக்கெட் போட்டாச்சா?” சௌந்தரபாண்டியன் சிரித்து வைப்பான், ஆனால் அவனும் அப்படித்தான் நம்பினான். அவனுக்கு முன்னால் குளிப்பவள் பூங்கோதை என்பதை அவனும் யோசிக்கவில்லை, ஊரும் யோசிக்கவில்லை, வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை. அக்காவுக்கு அடுத்துக் குளிப்பது யாருக்கும் அடுத்துக் குளிக்காதது மாதிரி, அது முதல் தண்ணீர், அதில் என்ன இருக்கப் போகிறது, அக்காவுக்கு அடுப்பையும் நம்மையும் விட்டால் என்ன உண்டு என்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். இல்லை, எண்ணக்கூட இல்லை, எண்ண வேண்டிய விஷயமாகவே அது யாருக்கும் படவில்லை.

நிர்மலா ஒருநாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். “நிஜமாச் சொல்லுங்க. திரும்பப் போகணும்னு இருக்கா?”

“தெரியல.”

“உங்களுக்கு அடுத்து நான்தான் குளிக்கிறேன். என் காலு சொல்லுது, போகணும்னு. வந்தாச்சு, பொண்ணை ஸ்கூல்ல சேத்தாச்சு, அண்ணி கையால சாப்பிட்டு நான் இப்பத்தான் உடம்பு தேறியிருக்கேன். நீங்க போறதா இருந்தா தனியாப் போங்க.”

மார்கழியில் பூங்கோதைக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு தலைக்கு ஊற்றக் கூடாது என்று கம்பளியைப் போர்த்திப் படுக்க வைத்தார்கள், பாய்லரை ஜெயக்கொடி மூட்டினாள், முதலில் சௌந்தரபாண்டியன் குளித்தான். குளித்துவிட்டு வந்து முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தான். பேப்பர் படித்தான், காபி குடித்தான், மறுபடி பேப்பரையே படித்தான். நிமிர்ந்தபோது பள்ளிக்கூடத்தில் மத்தியான மணி அடித்தது, தான் எழுந்திருக்கவே இல்லை என்று அப்போதுதான் கவனித்தான். நிர்மலா உட்கார்ந்திருந்தாள், தெய்வேந்திரன் கல்லாவில் உட்கார்ந்தே தூங்கினான், சேதுராமன் கடை பெஞ்சில் இடமில்லை, வத்தலக்குண்டு பஸ் ஊரில் நின்று ஆறிவிட்டு ஒரு ஆளும் ஏறாமல் போனது. மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும் அப்படி. ஊர் சந்தோஷப்பட்டது: “அப்பாடா, ஒருவழியா ஆளு நம்மூர்ல நெலைச்சுட்டாரு.”

காய்ச்சல் விட்டுப் பூங்கோதை தலைக்கு ஊற்றிக்கொண்ட காலையில் அவளுக்கு அடுத்து அவன் போனான். சொம்பு நீர் தலையில் விழுந்தது. உள்ளங்கால் குறுகுறுத்தது. குழாயை மூடிவிட்டு, தலைகூடத் துவட்டாமல் வெளியே வந்தான்.

அடுக்களையில் பூங்கோதை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் முகம் வாடியிருந்தாலும் கத்தி வேகமாக ஓடியது.

“அக்கா” என்றான். “இது உன்னோடதா?”

“எது?”

“இந்தக் காலு.”

“உப்புமாவா தோசையா, அதச் சொல்லு.”

“அக்கா.”

கத்தி நின்றது. அவள் அவனைப் பார்க்கவில்லை, வெளியே கொல்லையில் புகைகிற பாய்லரைப் பார்த்தாள். “நீயாவது கண்டுபுடிச்சியே” என்றாள். “நான் பாட்டுக்கு நெனச்சேன், செத்தாலும் இந்த ஊரு உன் தலையிலதான் போடும்னு. எனக்கும் அது வசதியாத்தான் இருந்துச்சு, சும்மா சொல்லக் கூடாது.”

“எங்க போகணும்?”

“எங்கன்னு ஒண்ணு இருந்தா என்னைக்கோ போயிருப்பேனே! எங்கன்னு இல்லடா. பஸ்ஸுல சன்னல் ஓரம் உக்காரணும். எங்க எறங்கணும்னு கண்டக்டர் கேட்டா, நீ எங்கெங்க நிப்பாட்டுவ சொல்லு, கேட்டுட்டுச் சொல்றேன்னு சொல்லணும். ஒரு ஊர்ல கொஞ்ச நாள் இருக்கணும், புடிக்கலன்னா அடுத்த ஊரு. யாருக்கும் காலையில என்ன பலகாரம்னு யோசிக்காம எந்திரிக்கணும். சிரிக்காத.”

“நான் சிரிக்கல.”

“அம்மா காரியம் முடிஞ்சு பைய எடுத்து வச்சேன். நாலு சேலை, மாத்திரை, டார்ச் லைட்டு. சாவிய யாருகிட்ட குடுக்கலாம்னு யோசிச்சிக்கிட்டு இருக்கேன், உன் போன் வருது. ‘அக்கா, இனிமே நீ தனியா இருக்க வேணாம், நாங்க எல்லாரும் வந்துர்றோம்’ங்கிற. நான் என்ன சொல்ல? வாங்கடான்னு சொல்லிட்டு, சேலையத் திரும்ப பீரோவுல வச்சேன்.”

சௌந்தரபாண்டியன் சுவரில் சாய்ந்துகொண்டான். லீட்ஸில் அந்த போனைப் பேசிவிட்டுத் தான் அழுததும், நிர்மலா அவன் முதுகைத் தடவிக் கொடுத்ததும், அக்காவுக்காக எவ்வளவு பெரிய காரியம் செய்கிறோம் என்று அன்றைக்கு நெஞ்சு நிறைந்ததும் அவனுக்கு நினைவு வந்தது.

“அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா.”

“எப்பிடிச் சொல்ல? எனக்காக சீமைய விட்டுட்டு வர்றவன்கிட்ட, நான் கெளம்பிட்டேன், நீ வந்து வீட்டப் பாத்துக்கன்னா? கேக்குறவன் காறித் துப்ப மாட்டான்?” அவள் மறுபடி நறுக்கத் தொடங்கினாள். “காஜா வர்றாருல்ல நாளைக்கு? ஆளுக்கொரு கீசர் மாட்டச் சொல்லிரு. கீழ பாத்ரூம்ல எனக்குன்னு ஒண்ணு. என் தண்ணி என்னோட போகட்டும், ஊரும் ஒரு எடத்துல உக்காரட்டும். நான் இருந்துக்கிறேன். இவ்வளவு நாளும் இருக்கலையா?”

“இருந்துக்குவியா?”

“இருன்னு சொல்றதுக்கு இந்த ஊரே இருக்கு, நீ இருக்க, அவன் இருக்கான், நிர்மலா இருக்கா. போன்னு சொல்ல ஒரு ஆளு கெடையாது. வாய்தவறிக்கூட ஒருத்தரும் சொன்னதில்ல. அப்பறம் எங்க போறது? உப்புமாதான் பண்றேன், போய்த் தல துவட்டு.”

அன்றைக்கு அவன் நடந்த நடைக்கு அளவில்லை. முனியாண்டி கோயில் வளைவைத் தாண்டினான், பாம்பு வேலியைத் தாண்டினான், காபிப் பழம் உலர்த்துகிற களங்களைத் தாண்டினான், அக்காவின் கால்களால்தான் நடந்தான், அவை இவ்வளவு தூரம் போகக்கூடியவை என்று அவனுக்கு இத்தனை வயதில்தான் தெரிந்தது. ஆளுக்கொரு கீசர் என்பது எவ்வளவு சுலபமான காரியம் என்று யோசித்தான். ஆளுக்கொரு கதவு, ஆளுக்கொரு தாழ்ப்பாள், ஆளுக்கொரு தண்ணீர். அடுக்களையில் தாளிக்கிற வாசனை வரும், நிர்மலாவுக்கு உடம்பு தேறும், ஊர் அவனைப் புகழும், அக்கா இருந்துகொள்வாள், அவள் கால் குறுகுறுப்பது சாக்கடையோடு போகும், ஒருவருக்கும் தெரியாது, தெரிந்த ஒருவனும் காலப்போக்கில் மறந்துவிடலாம். அக்கா போய்விட்டால் நிர்மலா என்ன செய்வாள் என்றும் யோசித்தான். அவள் சொன்னதைச் செய்கிறவள். மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள், அல்லது போகாமல் இருந்து நாள்தோறும் அதைச் சொல்லிக்காட்டுவாள், இரண்டில் எது மோசம் என்று அவனுக்குத் தெரியவில்லை. பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பியபோது கீசர்தான் என்று பாதி முடிவு செய்திருந்தான்.

மறுநாள் காஜா மைதீன் அளவு டேப்போடு வந்தார். அவர் வருகிறார் என்று தெரிந்து தெருவும் வந்திருந்தது. முன்னறை நிறைந்து, ஜன்னல் கம்பிக்கு வெளியேயும் தலைகள் இருந்தன, எல்லோரும் குளித்திருந்ததால் ஒருவரும் உட்காரவில்லை, நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

“கீசர்தான்” என்றான் தெய்வேந்திரன். “எம் பல்லு எனக்குள்ள இருக்கணும். நாளைக்கு வேற என்னென்ன வெளிய வருமோ.”

“அப்படி என்னென்ன வச்சிருக்க?” என்றாள் ஜெயக்கொடி. ஜன்னலுக்கு வெளியே சிரித்தார்கள்.

“டேங்க எடுத்துட்டா போஸ்டாபீஸ் பாப்பாவுக்கு அடுத்த முறை போச்சே” என்றார் ரிட்டயர்டு வாத்தியார். “நான் மறுபடி முழிச்சிக்கிட்டே கெடக்கவா?”

“அண்ணே, டேங்கு இருக்கட்டும்ணே” என்று சௌந்தரபாண்டியனைப் பார்த்துச் சொன்னார் சேதுராமன். “கால் கொஞ்சம் அரிக்கிதுதான், அதுக்காக? உங்க காலும் போகப் போக அடங்கிரும்.”

“அடங்கும் அடங்கும்” என்றார்கள் எல்லோரும். “ஒரு வருஷம் போனா அக்கா மாதிரி நெலையா ஒக்காந்துருவாரு.”

பூங்கோதை அடுக்களை வாசலில் காபித் தம்ளர்கள் அடுக்கிய தட்டோடு நின்றிருந்தாள். அவள் காலும் மாறி மாறி இடம் பெயர்ந்துகொண்டிருந்தது, அந்தக் கூட்டத்தில் அதை சௌந்தரபாண்டியன் மட்டும் பார்த்தான். “டேங்குன்னு முடிவு பண்ணிட்டா சொல்லுங்க சார்” என்றார் காஜா மைதீன், டேப்பைச் சுருட்டிக்கொண்டே. “ஆனா ஆளுக்குத் தக்கனதான் செய்யணும். பெருசாச் செஞ்சா வெறகத் திங்கும், சிறுசாச் செஞ்சா கடைசி ஆளு பச்சத் தண்ணியில நிப்பாரு. தெருவ விடுங்க, அவங்க வருவாங்க போவாங்க. வீட்டுல நெலையா எத்தன பேரு?”

“இதுல கேக்க என்ன இருக்கு” என்று தெய்வேந்திரன் விரலை மடக்கினான். “மொதல்ல அக்கா. அப்பறம் நானு, இவ, பய. அண்ணன், மதினி, பாப்பா. ஏழு.”

“ஏழு” என்றார் காஜா மைதீன். “ஏழுதான சார்?”

சௌந்தரபாண்டியன் நிர்மலாவைப் பார்த்தான், பிறகு அடுக்களை வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தான். பொது டேங்கே இருக்கட்டும், ஆறு பேருக்குச் செய்யுங்கள் என்று காஜா மைதீனிடம் சொன்னான்.